தாமல் செல்வி கேட்ட இழை

9.7.2007, திங்கள்

காலையிலிருந்து வெயில் இல்லை. வானம் கஞ்சி போட்டுக் காயவைத்த துணி மாதிரி. நைனாவின் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு வசந்தி அக்காவின் பிரௌசிங் சென்டர். ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் டைப் பண்ணுவதில் அக்கா மும்முரம். எனக்கு மூலை கம்ப்யூட்டர்.

வேலை அதேதான். அக்கா நடத்தும் இணைய மன்றத்தில் சமையல், கோலம், கைவேலை என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதும் பின்னூட்டங்களைப் படிப்பது. கெட்ட வார்த்தை இருந்தால் எடுப்பது. இதற்கு மட்டுறுத்துநர் என்று பெயராம். ஒன்பதாவதோடு நின்றவளுக்குப் பெரிய பெயர். திரையில் ‘மட்டு’ என்று சுருக்கி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

தேங்காய்ச் சட்னிக்குப் பூண்டு உண்டா இல்லையா, இன்னும் முடியவில்லை. பூண்டுக் கட்சி கொஞ்சம் முன்னால்.

ஒவ்வொரு பெயரும் எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மஸ்கட்டிலிருந்து எழுதுபவரின் ஜன்னலில் என்ன தெரியும். மணல்தானா. அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாளாம், காதில் விழவில்லை.

10.7, செவ்வாய்

புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்று இல்லை.

மன்றத்தில் ஒரு பேச்சுக்கு ஓர் இழை. பேச்சைத் தொடங்க ‘புதிய இழை’ என்று பொத்தான். இன்றைக்கு ‘தாமல் செல்வி’ (தாமல் எங்கள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர்) என்று புதுப் பெயர் ஒன்று அதை அழுத்தி எழுதியிருந்தது:

“வணக்கம். புதிய இழை என்று போட்டுள்ளீர்கள். பட்டு இழையா. இரண்டு முறுக்கா மூன்று முறுக்கா. சில்லறையாக கிடைக்குமா. என்ன விலை.”

உடனே வெண்டைக்காய் (மஸ்கட்காரர், எல்லோரையும் சிரிக்க வைப்பவர்): “ரெண்டு முறுக்கு மூணு முறுக்கெல்லாம் பத்தாதும்மா. டப்பாவோட எடுத்துக்குங்க. செய்முறை பக்கத்து இழையில்.”

சிரித்துவிட்டேன். அக்காவும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அதன்மேல் வரிசையாக மற்றவர்கள். “அம்மணி, இது மளிகைக் கடை இல்லீங்க.” “படிக்கத் தெரியாதவங்கள யாரு உள்ள விட்டது?”

அதோடு சிரிப்பு போய்விட்டது.

எங்கள் வீட்டில் இழை என்றால் ஒன்றுதான். அறுந்தால் முடிச்சுப் போடுவோம். சேர்ந்த புதிதில் ‘இந்த இழை பூட்டப்பட்டது’ என்று பார்த்துவிட்டு, நூலை எப்படிப் பூட்டுவார்கள் என்று நானும் விழித்தேன். யாரிடமும் கேட்கவில்லை, அதனால் யாரும் சிரிக்கவில்லை. செல்வி கேட்டுவிட்டாள்.

கிளம்பும் நேரத்தில் அவளிடமிருந்து ஒரு வரி. “மன்னிக்கவும். தெரியாமல் வந்துவிட்டேன்.”

வழியெல்லாம் அதே வரி.

11.7, புதன்

செல்வி வரவில்லை.

அவள் பக்கம் பேசுகிறேன் என்று ஒருவர் வந்து வெண்டைக்காயின் அம்மாவை இழுத்து எழுதியிருந்தார். எடுத்தேன். நம் பக்கத்து ஆள். எடுக்கக் கையே வரவில்லை. இருந்தாலும் எடுத்தேன். ‘படிக்கத் தெரியாதவங்க’ளையும் எடுத்தேன். முறுக்கை விட்டுவிட்டேன். அதில் விஷம் இல்லை.

அக்கா பின்னால் வந்து நின்றாள். “இன்னாமா, இன்னும் அடிச்சிக்கினுதான் இருக்காங்களா? அந்த இழையவே தூக்கிடு. சனியன் வுட்டுது.”

“செல்வி கேட்டதும் போயிடுமேக்கா.”

“அவதான் போயிட்டாளே.”

“திரும்பி வந்து பாத்தான்னா?”

“வருவாளா? நீயா இருந்தா வருவியா?”

வரமாட்டேன். அதைச் சொல்லவில்லை. வந்து பார்க்கும்போது தான் எழுதியதே அங்கே இல்லையென்றால், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய மாதிரிதானே. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, திங்கக்கெழம வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் நானே தூக்கிடுவேன்” என்று அக்கா போய்விட்டாள்.

வாங்க வேண்டியது: ஹேர்பின், சீயக்காய், அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

12.7, வியாழன்

கரண்ட் இல்லை. திரை கறுப்பாக, அதில் என் முகம், பின்னால் தெருவில் போகிற சைக்கிள்கள்.

மதியம் தார் சுற்றும்போதே கண் சொருகி ஒரு கனவு. வரதர் கோயில் குளத்துப் படியில் மன்றத்துக்காரர்கள் எல்லோரும் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் இல்லை, பெயர்கள்தான். பெயர்களுக்குக் கால் இருக்கிறது, அதை மீன்கள் கடிக்கின்றன. மேல்படியில் செல்வி செருப்போடு நிற்கிறாள். யாராவது கொஞ்சம் நகர்ந்தால் இடம் இருக்கும். நகரச் சொல்ல வேண்டியது நான். வாயில் நூல் நிறைந்திருக்கிறது.

அம்மா தோளைத் தட்டி, “இன்னாடி, தாரு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.”

13.7, வெள்ளி

லேசாகத் தூறல்.

செல்விக்கு எழுதிப் பார்த்தேன். “அன்புள்ள செல்வி அவர்களுக்கு”, அழித்தேன். “இழை என்றால் இங்கே பொருள் வேறு”, அழித்தேன். டீச்சர் மாதிரி இருந்தது. “வருந்த வேண்டாம்”, துக்கம் விசாரிக்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் கேட்டேன். பாதி வாழைப்பழம் வாயில், தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நைனா, தாமல்ல ஒருத்தருக்குப் பட்டு இழை சில்லறையா வேணுமாம். எங்க போவ சொல்றது?”

“எதுக்காம்?”

“தெரியல.”

“எதுக்குன்னு கேக்காம இன்னாத்த சொல்றது? கேட்டுக்கினு வா.”

எதுக்காம். அத்தனை பேர் எழுதினார்களே, ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

14.7, சனி

எழுதிவிட்டேன்.

“செல்வி அக்கா, வாங்க. நானும் காஞ்சிபுரம்தான். இங்கே பேச்சுக்குத்தான் இழை என்று பெயர் வைத்திருக்கிறோம், எனக்கும் முதலில் புரியவில்லை. பட்டு இழை எதற்கு வேண்டும்? சொன்னால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். - மட்டு.”

பொத்தானை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் என் எழுத்து எல்லோருடைய எழுத்து மாதிரியே இருக்கிறது. அதே கறுப்பு, அதே அளவு.

பதில் போட்டால் அவளுக்கு மெயில் போகும். பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிற நேரத்தில் வெண்டைக்காய்: “அட, மட்டு பேசுமா? முறுக்கு ஜோக் கையில கிடைச்சுது, விட மனசு வரல. எதுக்குன்னு கேக்கத் தோணல. செல்விம்மா, கோவிச்சுக்காதீங்க.” அதன்கீழே பூண்டுக் கட்சியிலிருந்து ஓர் அம்மா: “எனக்கும் தெரியணும், சொல்லுங்க செல்வி.”

நாளை சென்டர் லீவு. நாளை என்ற ஒன்று எதற்கு.

16.7, திங்கள்

மழை விட்ட தெரு, மண் வாசனை. இரண்டரைக்கே போய்விட்டேன். அக்கா இன்னும் பூட்டைத் திறக்கவில்லை.

“இன்னிக்குத் தூக்கிடலாமா?” என்றாள் சாவியைத் தேடிக்கொண்டே. “மொதல்ல பாக்கலாம்க்கா” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஒரு யுகம்.

செல்வி வந்திருந்தாள். நீளமாக. சேலை முந்திக்குக் குஞ்சம் கட்டக் கற்றுக்கொண்டாளாம், மிச்ச நூலில் கட்டினால் பிரிந்துபோகிறதாம், அதற்குத்தான் நல்ல முறுக்கு. வெண்டைக்காய், குஞ்சம் என்றால் என்ன, படம் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பூண்டுக் கட்சி அம்மா தன் சேலைக்குக் கட்டித் தர முடியுமா என்கிறார். செல்வி ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் போட்டிருக்கிறாள். வெண்டைக்காய் அண்ணனுக்கு, முறுக்கு தீபாவளிக்குச் சுட்டுத் தருகிறேன், இப்போது இழை பற்றிப் பேசலாம் என்று.

கடைசியில் எனக்கு: “மட்டு என்பது பேரா? நீ யாரு வூட்டுப் பொண்ணுமா?”

அக்கா என் தோள் வழியாகப் படித்துவிட்டு, “தெருப் பேர்லாம் போடாத. உன் பேர மட்டும் போடு” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனாள்.

போட்டேன்.