பாலத்துப் பிசாசின் குரல்

பிப்ரவரி 3

அன்புள்ள மைத்துனனுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்; இருபது நாளாக ஒரு வரி எழுதாதவனைப் பற்றி வேறெப்படி நம்புவது? கணினியில் அனுப்பினால் நீ பாதியைத்தான் படிக்கிறாய். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனம் தயாரிக்கும் கணினி விளையாட்டின் வசனங்களை நான்காம் அத்தியாயம் வரை திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். "ஓய்வா இருக்கும்போது பாருங்க அத்தான்" என்றாய். பகலெல்லாம் சட்டங்களை மொழிபெயர்த்துவிட்டு வருகிறவனுக்கு மாலையில் பிசாசுகளின் குடலைப் பற்றிப் படிப்பது எந்த வகையில் ஓய்வு என்று நீயே சொல். பழைய ஜப்பான், ஊர் ஊராகப் பிசாசு பிடித்துக் கிடக்கிறது, எஜமானை இழந்த சாமுராய் ஒருவன் அவற்றைத் தேடித் தேடி வெட்டுகிறான். கதையில் குறையில்லை. ஆனால், தலையைக் கொய்ய மட்டும் பதினெட்டு வழிகளா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேறா? பன்னிரண்டாவதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

போதாததற்கு உங்கள் சாமுராய் வெட்டுவதைவிட அதிகம் பேசுகிறான், ஒலிபெருக்கி கையில் கிடைத்த தலைவரைப் போல. நான்காம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள். உடைந்த பாலத்தின் நடுவில் ஒரு பெண் பிசாசு உட்கார்ந்து ஓலமிடுகிறது. அதன் ஓலத்தால் ஊரே நிம்மதி இழந்து கிடக்கிறது. இவன் நெருங்கி, "ஏ கொடிய பிசாசே! நிறுத்து உன் ஓலத்தை! இல்லையேல் என் வாள் உன் இரத்தத்தைக் குடிக்கும்!" என்று முழங்குகிறான். வாள் எதையும் குடிக்காது. முழுவதையும் அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "சத்தம் போடாதே. இதோ முடிந்துவிடும்." தொழில் தெரிந்தவன் இவ்வளவுதான் பேசுவான். நாற்பத்தொன்றாம் பக்கம், ஆறாவது வரி. அதில் மட்டும் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்.

வீடு அமைதியாக இருக்கிறது. உன் அக்கா போய் இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. சாப்பாட்டு மேசையின் நாற்காலிக் கால்களுக்கு அவள் மாட்டிவைத்த பழைய காலுறைகள் தேய்ந்துபோயின. என்னுடையவற்றில் இரண்டு ஜோடியை வெட்டி மாட்டினேன். நாற்காலி இழுபடும் ஓசை எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

உன் அத்தான்

*

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இருபது நாள் இல்லை, பதினேழு நாள். பிழைதிருத்துவது உங்களுக்கு மட்டும்தான் வருமா?

திருத்தங்கள் வந்து சேர்ந்தன. பாலத்து வரியைப் படித்த எங்கள் ஓவியர், "யாருங்க இந்த அத்தான்? ரெண்டே வாக்கியத்துல ஆளைக் கொன்னுட்டாரே!" என்று மேசையைத் தட்டினார். முதலாளிக்கும் பிடித்துவிட்டது. குரல் நடிகரை அழைத்து அப்படியே பதிவு செய்துவிட்டோம். நான் மட்டும் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் படிக்கட்டில் நின்றுவிட்டு வந்தேன். காரணம் ஒன்றுமில்லை.

ஒலி வேலை கழுத்தை நெரிக்கிறது. தலை அறுபடும் ஓசைக்கு முட்டைக்கோசு, எலும்பு முறியும் ஓசைக்குக் கேரட் என்று இந்த மாதம் ஒரு காய்கறிக் கடையையே காலி செய்துவிட்டேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனால் என் மனைவி, "இன்னொரு கோசு இந்த வாசப்படியைத் தாண்டி வரட்டும், அடுத்த சத்தம் உங்க மண்டையில இருந்துதான் வரும்" என்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

ஒலி சேர்த்த பதிப்பை இத்துடன் அனுப்புகிறேன். திரையில் ஓடும் எழுத்தையும் பேச்சையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். மார்ச் பதினைந்து வெளியீடு. நான்காம் அத்தியாயத்தை மட்டும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், அத்தான். ஓலம் கொஞ்சம் அதிகம். உங்களுக்கு ஆகாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
மைத்துனன்

*

பிப்ரவரி 17

மைத்துனனுக்கு,

ஒலியை அணைத்துவிட்டுப் பேச்சையும் எழுத்தையும் எப்படி ஒத்துப் பார்ப்பது என்று நீ யோசிக்கவில்லை. முப்பதாண்டுகளாக எந்த வேலையையும் நான் பாதியில் விட்டதில்லை என்பதையும் மறந்துவிட்டாய். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

எனக்கு விளையாடத் தெரியாது. பாலத்தை அடைவதற்குள் உங்கள் சாமுராய் ஒன்பது முறை ஆற்றில் விழுந்தான். பத்தாம் முறை பிசாசின் அருகே போனேன். அது கத்துவதற்கு முன் இரண்டு சிறு மூச்சு. மூன்றாவதை விழுங்கிவிட்டு, நாக்கு நுனியால் மேல்பல்லில் ஒரு தட்டு. பிறகு ஓலம்.

அந்த மூச்சுகளோடு இருபத்தாறு ஆண்டு வாழ்ந்தவன் நான். விரலில் ஊசி ஏறினாலும், கால் கட்டிலில் இடித்தாலும் முதலில் அவைதான் வரும். ஓலம் எனக்குப் புதிது. மூச்சு புதிதல்ல.

சாகக் கிடந்த உன் அக்காளின் குரலைத் திருடி ஒரு பிசாசின் வாயில் திணித்திருக்கிறாய்.

இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிடக் குமட்டல்தான் அதிகமாக இருக்கிறது. எந்தக் கட்டிலுக்கு அடியில் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துவைத்தாய்? மருத்துவமனையிலா? என் வீட்டிலாக இருக்க முடியாது. எலும்பெல்லாம் நோய் பரவிக் கிடந்த அந்தக் கடைசி எட்டு மாதங்களில் என் வீட்டில் அவள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவ்வளவு பொறுமைசாலி. பார்க்க வந்தவர்களெல்லாம் வியந்துவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்டவளின் ஓலத்தைத்தான், தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் சோபாவில் சாய்ந்துகொண்டு நொறுக்குத்தீனி தின்றபடி கேட்கப் போகிறான். கேட்டுச் சிரிப்பான். பிறகு வெட்டுவான். எவ்வளவு விரைவாக அவள் வாயை அடைக்கிறானோ அவ்வளவு அதிகம் மதிப்பெண் என்று திரையில் எழுதிக் காட்டுகிறீர்கள். அந்த எழுத்தில் பிழை இருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னாய்.

மலத்தை மிதித்த செருப்பைக்கூடக் கழுவிவிட்டு மறுபடி போடலாம். இதை எதைக் கொண்டு கழுவுவது?

மார்ச் முதல் தேதிக்குள் அந்தக் குரல் விளையாட்டிலிருந்து நீக்கப்பட வேண்டும். பிரதிகள் அழிக்கப்பட வேண்டும். தவறினால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம். சட்டத்தின் வாசகங்களை எனக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. என் வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த இனி உனக்கு அவசியம் வராது.

உன் அக்காளின் கணவன்

*

பிப்ரவரி 22

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் எழுதியதில் ஒன்று தவறு, மற்றதெல்லாம் சரி. அந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நான் எங்கும் எதையும் ஒளித்துவைக்கவில்லை. அக்கா வியாழக்கிழமைதோறும் பிசியோதெரபி மருத்துவரிடம் போகிறாள் என்று நினைத்திருந்தீர்கள் அல்லவா? ஒரு வியாழன்கூட அவள் அங்கே போகவில்லை. நீங்கள் அலுவலகம் கிளம்பியதும் நான் காரில் வந்து அவளை எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப்போவேன். அவளேதான் கேட்டாள். "உன் ரூம்ல கத்தினா வெளிய கேக்காதுல்ல?" என்று போனில் கேட்டாள். கேட்காது என்றேன். "அப்போ எனக்கு ஒரு மணி நேரம் குடுடா. வீட்டுல முடியல" என்றாள்.

இரட்டைக் கதவு, சுவரெல்லாம் பஞ்சு. நடுவில் ஒரு முக்காலி. அதில் அவளை உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பேன். உள்ளே அவள் கத்துவாள். ஒரு மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வருவாள். நீங்கள் திரும்புவதற்குள் வீட்டில் விட்டுவிடுவேன். நீங்கள் பார்த்த பொறுமை முழுவதும் அந்த அறையில்தான் தயாரானது.

முதல் நாள் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டேன். அன்று காலைதான் அதன் முன்னால் முட்டைக்கோசு வெட்டியிருந்தேன். பதிவாகிவிட்டது, அழித்துவிடுகிறேன் என்றேன். "எங்க, போடு, கேப்போம்" என்றாள். கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாளே ஒரு சிரிப்பு. "அய்யய்யோ, பேய் மாதிரில்ல இருக்கேன்! உன் விளையாட்டுக்குப் பேய் வேணும்னியே, இதை வெச்சுக்கோ. காசு குடுத்தாலும் கிடைக்காது" என்றாள். வேண்டாம்க்கா, வெட்டுவார்கள் என்றேன். ஒலிவாங்கி அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததால், அதற்கு அவள் சொன்னது அப்படியே பதிவில் இருக்கிறது: "வெட்டட்டும்டா. என்னையா வெட்டப் போறாங்க? இந்த வலியைத்தானே? ஊரே சேர்ந்து வெட்டட்டும். நான் ஒருத்தி எத்தனை நாள் வெட்டுறது?"

உங்களிடம் சொல்லலாமா என்றும் கேட்டேன். "அவர்கிட்டயா? நான் கத்துறதுலயும் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பாரு. விடு" என்றாள்.

இனி என் பங்கு. அவள் போன பிறகு உங்களிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். உங்கள் பதில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அலுவலகத்தில் யாருடைய குரல் என்று கேட்டபோது, யாரோ நாடக நடிகை என்று பொய் சொன்னேன். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்; தட்டவும் விட்டேன். அதற்கு நீங்கள் எவ்வளவு காறித் துப்பினாலும் தகும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பாலத்தில் நிற்கும் சாமுராய்க்கு நீங்கள் எழுதிய வரி எனக்கு முன்பே தெரியும். அக்கா முனகும்போதெல்லாம் நீங்கள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு அதைத்தான் சொல்வீர்களாம். அவள் அந்த அறையில் உங்களைப் போலவே சொல்லிக் காட்டுவாள். உங்கள் திருத்தத்தைப் படித்த அன்று நான் படிக்கட்டில் போய் நின்றது அதனால்தான்.

முதல் நாள் பதிவு முழுவதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பது நிமிடம்; அன்று அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. கேட்ட பிறகும் நீக்கு என்று ஒரு வரி எழுதினால் போதும், அன்றே நீக்கிவிடுவேன். நீதிமன்றம் வரை போக வேண்டாம்.

மைத்துனன்

*

மார்ச் 1

மைத்துனனுக்கு,

நாற்பது நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

இருபத்து மூன்றாம் நிமிடத்தில் என்னைப் போலப் பேசிக் காட்டுகிறாள். நன்றாகவே செய்கிறாள், ஜன்னலின் கொக்கி விழும் ஓசையைக்கூட வாயால் எழுப்புகிறாள். அந்தச் சொற்களை நான் அன்போடு சொன்னதாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன். இரண்டாண்டு கழித்து, ஒரு கொலைகாரனுக்கு என்ன வசனம் பொருந்தும் என்று யோசித்தபோது, வேறு எதுவும் தேடாமல் அவற்றையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெருமையோடு. பக்க எண்ணும் வரி எண்ணும் குறித்து.

என் வீட்டில் உடம்புக்கு முடியாதவள் ஒருத்தி, வலிக்கிறது என்று சொல்ல முடியாமல், கார் பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போயிருக்கிறாள். நானோ, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவளுடைய பொறுமையைச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தேன். உன்மீது எனக்கு இருந்த குமட்டல் போய்விட்டதென்று எண்ணாதே. அது அப்படியே இருக்கிறது. என்மீது வந்திருப்பது அதைவிடப் பெரிது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே வயிற்றில் இடமிருக்கிறது.

குரலை நீக்க வேண்டாம். அவள் கொடுத்ததைத் திரும்பப் பெற எனக்கு உரிமையில்லை. இதைச் சட்டம் தெரிந்தவனாகவே சொல்கிறேன். நாடக நடிகை என்ற பொய்யை மட்டும் திருத்திவிடு.

நாற்பத்தொன்றாம் பக்கம், ஆறாவது வரி: முழுவதும் நீக்கவும். மாற்று வாசகம் இல்லை. சாமுராய் அந்தப் பாலத்தில் வாயைத் திறக்கவே கூடாது. முடிந்தால் இன்னொன்றும் செய்யச் சொல். விரைவாக வெட்டுகிறவனுக்கு அதிக மதிப்பெண் என்பதை எடுத்துவிடுங்கள். அவள் கத்தி முடிக்கும்வரை ஒருவன் வாளைத் தாழ்த்திக்கொண்டு நிற்பானானால், அவனுக்கு எதுவும் தர வேண்டாம். அவன் நிற்க இடம் கொடுத்தால் போதும்.

நாற்காலிக் கால்களிலிருந்து காலுறைகளைக் கழற்றிவிட்டேன். அவள் நாற்காலியை மேசையிலிருந்து இழுத்துப் பார்த்தேன். ஓசை அப்படியொன்றும் பெரிதில்லை.

நீயும் நானும் இனிச் சந்திக்க வேண்டியதில்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரட்டைக் கதவுக்கு வெளியே நிற்பவனாகத்தான் பார்ப்பேன். நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்பதும் தெரியும். மீதித் திருத்தங்களைத் தபாலில் அனுப்புகிறேன். ஒப்புக்கொண்ட வேலையை விடமாட்டேன்.

என் வீட்டுச் சாவியைத் திருப்பி அனுப்பு. அதே உறையில் அந்த அறையின் சாவியையும் வை. வியாழக்கிழமைகளில் பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை எனக்கு அது வேண்டும். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். முக்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நீ கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது. கட்டடத்திலேயே இருக்கக் கூடாது.

ஒலிவாங்கியை அணைத்தால் போதாது. கம்பியையே கழற்றிவிடு. உன்னை எனக்குத் தெரியும்.

அத்தான்