பதவி: பழைய பேப்பர்

பிப்ரவரி 3

நான் வேலை பார்த்த பத்திரிகையை மூடிய பிறகு சேர்ந்த முதுநிலை நிரலாக்கப் படிப்பில் இது கடைசிப் பருவம். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு இணையச் செயலி செய்ய வேண்டும்: ஊழியர் சேர்க்கை, விடுப்பு, சம்பளம், பணிநீக்கம். மூவர் குழு. ‘தலைவன்’, அவனே சூட்டிக்கொண்ட பட்டம். வாய் திறக்காத ஒரு பெண். அவளுக்கு அவன் வைத்த பெயர் ‘சைலன்ட் மோட்’. நான் ‘அத்தை’.

இன்று வகுப்பில் செயலியில் நான் எழுதிய பகுதியை ஓட்டிக் காட்டினேன். பாதியில் நின்றுபோனது.

“ரிப்போர்ட்டரம்மா, பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் மூலையில திருத்தம் போடுவீங்க. இங்க ஆயிரம் பேருக்குச் சம்பளம் நிக்கும்” என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் கணவர் கேட்டார்: “பசங்ககிட்ட பேச்சு வாங்கணும்னு என்ன தலையெழுத்து உனக்கு?” வேலை வேண்டும் என்றேன். நாற்பத்தாறு வயதில் வேறு என்ன சொல்ல.

பிப்ரவரி 12

சைலன்ட் மோட் சாப்பிடப் போகாமல் என்னோடு உட்கார்ந்தாள். “அக்கா, திரை வாசல் காவலாளி மாதிரி. சிரிச்சுப் பேசினா விட்டுடுவார். வந்தது சரியான்னு சர்வர்லயும் திரும்பக் கேக்கணும்.” பத்திரிகையில் உதவி ஆசிரியர் செய்கிற வேலைதானே! இரண்டு வருடமாக ஏறாதது ஒரு வாக்கியத்தில் ஏறியது.

பிப்ரவரி 21

செயலியைச் சோதிக்கப் பொய்யான ஊழியர்களை உருவாக்கி வைப்பது வழக்கம். அவர்களைச் சேர்ப்போம், தடுப்போம், நீக்குவோம். நினைத்தது நடந்தால் பச்சை விளக்கு.

அந்தப் பொய் ஊழியர் நான்.

பெயர்: அத்தை. வயது: 99. பதவி: பழைய பேப்பர். கடவுச்சொல்லை மறப்பவள் அத்தை. விடுப்பு மறுக்கப்படுபவள் அத்தை. பணிநீக்கம்: அத்தை. காரணம்: காலாவதி. எல்லாம் பச்சை.

“நான்தான் போட்டேன். தமாஷ் அத்தை! பிரஸ்காரங்களுக்கு இதெல்லாம் தாங்கும்” என்றான் தலைவன். அவன் சொன்னது வலிக்கவில்லை. சைலன்ட் மோட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாரு — அவளுமா? ஏன்டி, நீயுமா?

மார்ச் 1

நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி செயல்விளக்கம் பார்க்க வருகிறார். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு அங்கே வேலை. ஒருவருக்கு மட்டும்.

மார்ச் 8

செயலியைச் சர்வரில் ஏற்றுவது என் பொறுப்பு. தகவல்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன: சோதனைக்கு ஒன்று, நாளை காட்டுவதற்கு ஒன்று. எதை எடுக்க வேண்டும் என்பது அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. சரிபார்த்தேன். ‘அத்தை’ இருக்கும் சோதனை இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

மாற்றவில்லை.

நான் எதையும் எழுதவில்லை, தொடவும் இல்லை. இருப்பதை இருக்கிறபடி விட்டேன். நாளை பேசப்போவது தலைவன். பேசட்டும்.

மார்ச் 9

பேராசிரியர் கடைசி நிமிடத்தில் ஆளை மாற்றினார். “தினம் கத்தறவன் வேணாம். நீ வாம்மா” என்று சைலன்ட் மோடை முன்னால் நிற்கவைத்தார்.

அவள் ஊழியர் பட்டியலைத் திறந்தாள். அதிகாரி என்னைவிட மூத்த பெண். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்: “அத்தை. தொண்ணூற்றொன்பது. பழைய பேப்பர்.” பிறகு என் நரையைப் பார்த்தார். “இவங்களா? யார் எழுதினது இது?”

“டேட்டா எல்லாம் அவதான் மேடம்” என்றான் தலைவன், கண் இமைக்காமல்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“படிக்க வந்தியா, பெரியவங்களைக் கேலி பண்ண வந்தியா? வெளிய போ” என்றார் பேராசிரியர். போகும்போது அவள் மேசையில் இடித்துக்கொண்டாள். பின்வரிசையில் சிரிப்பு.

மார்ச் 16

வேலை எனக்கு. அதிகாரி சொன்னார்: “அவ்வளவு அவமானத்துலயும் ஒரு வார்த்தை பேசலையே நீங்க. அந்த நிதானம்தான் எங்களுக்கு வேணும்.”

நன்றி சொன்னேன்.

மார்ச் 19

பேராசிரியர் தொலைபேசியில்: “அந்தப் பொண்ணு, தான் எழுதலைன்னு அழுவுது. ப்ராஜெக்ட்ல பூஜ்யம் போட்டா ஒரு வருஷம் போயிடும். உங்களுக்கு எதுவும் தெரியுமா? நீங்க சொன்னா விட்டுடறேன்.”

யார் எழுதியது என்று சொன்னால், அது திரைக்கு எப்படி வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. நிருபராக முப்பது நாற்பது விசாரணையாவது நின்று பார்த்திருப்பேன். கேள்விகள் அந்த வரிசையில்தான் வரும்.

“தெரியாது சார்” என்றேன். “பாவம், பூஜ்யம் வேண்டாமே” என்றும் சொன்னேன்.

போட்டுவிட்டார்.

ஏப்ரல் 6

அலுவலகத்தில் முதல் நாள். ஜன்னலோர இருக்கை. பக்கத்து இருக்கைக்காரர் நல்ல பேச்சுத்துணை. தேநீர் நேரத்தில் கேட்டார்: “இத்தனை வருஷம் பேப்பர்ல இருந்திருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க, ஒரு தடவையாவது பொய்ச் செய்தி போட்டதுண்டா?”

“ஒருநாளும் இல்லை” என்றேன்.

போட்டதில்லை.