தண்ணீர் தரும் பக்கத்தை வரைந்தவளுக்கு

என் பிரியமான ரீத்தாவுக்கு,

பிரியம் குறையவில்லை. கோபமும் குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது படித்தால் படிக்கட்டும்.

முதலில் என் சேதி. இப்போது கிருமாம்பாக்கம் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் இருக்கிறேன். வில்லியனூரிலிருந்து பாண்டி போய், அங்கே கடலூர் பஸ் பிடிக்க வேண்டும். எல்.கே.ஜி. பிள்ளைகள். நாம் இருவரும் செய்த படப் புத்தகத்தை வைத்துத்தான் இங்கேயும் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆளுக்கொரு பிரதி எடுத்து வைத்தோமே, அதில் என்னுடையது ஓரமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டிக் கிடக்கிறது. தும்பிக்கையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தும்முகிற யானையைப் பார்த்ததும் வகுப்பே சேர்ந்து தும்முகிறது. தும்மல் வராத பிள்ளைகள்தான் அதிகமாகத் தும்முகிறார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும் உனக்கு.

உறுவையாறு பக்கத்துப் பள்ளியில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தது நினைவிருக்கிறதா? சுவரில் கடையில் வாங்கிய சார்ட் ஒன்று தொங்கியது. சண்டை போடுகிற பையன், குப்பை போடுகிற பெண், எல்லாவற்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. நீதான் அதைக் கழற்றினாய். "இத பாத்தா பிள்ளைங்களுக்கு அடிக்கிறதுதாண்டி மனசுல நிக்கும். தப்ப வரையவே வேணாம் கலை. சரியா செய்யறத மட்டும் வரைவோம்" என்றாய்.

சனிக்கிழமைகளில் உன் வீட்டில் உட்கார்ந்து செய்தோம். நீ வரைவாய். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் ஒரு விளையாட்டு யோசிப்பேன். கதவைத் தட்டுகிற பக்கத்துக்கு, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டு நுழைய வைத்தேன். மன்னிப்புப் பக்கத்துக்கு மட்டும் விளையாட்டும் உன்னுடையதே. கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுவது, இடித்தவன் கூடவே உட்கார்ந்து மறுபடி கட்டிக்கொடுப்பது. "சாரின்னு சொல்லிட்டு ஓடிப்போறது மன்னிப்பு இல்ல" என்று பிள்ளைகளிடம் நீ சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசிப் பக்கம், தண்ணீர் தருவது. ஒரு பெண் குழந்தை பானையிலிருந்து மொண்டு டம்ளரை நீட்டுகிறாள். ஒரு பையன் இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொல்கிறான். அடுத்த படத்தில் அவன் மொள்கிறான், அவள் வாங்குகிறாள். விளையாட்டுக்கு வெறும் டம்ளர் போதும் என்றேன். "நிஜத் தண்ணியே குடுக்கட்டும், குடிக்கட்டும்" என்று சொன்னது நீ. அன்றைக்கு நான் உன்னைக் கட்டிப்பிடித்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருக்கிற காலனி. என் வீட்டுக்கு வந்து சொம்போடு தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரே டீச்சர் நீ. உனக்குத் தெரியாமலா இருக்கும்?

எங்கள் தெருப் பிள்ளை தர்ஷினி. அவள் மொண்டு கொடுத்த தண்ணீரை ஊருக்குள்ளிருந்து வருகிற ஒரு பையன் குடித்தான். வீட்டில் போய் ஆசையாகச் சொல்லியும் விட்டான். மறுநாள் அவன் தாத்தா பள்ளி வாசலில் நின்றார். "அந்தத் தெருப் பிள்ள குடுக்கற தண்ணிய எங்க வூட்டுப் பிள்ள குடிக்கணுமா? இதான் நீங்க சொல்லிக்குடுக்கற மரியாதையா?"

அதற்குள் நீ தலைமை ஆசிரியை ஆகியிருந்தாய். பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "நீ வாயே தொறக்காத. பேரண்ட்ஸ் மீட்டிங்ல நான் பேசிக்கிறேன். நான் வரைஞ்ச படம், நான் பதில் சொல்றேன்."

நம்பினேன். ஒரு துளி பயம் இல்லாமல் நம்பினேன்டி.

கூட்டத்தில் தாளாளர் பக்கத்தில் நீ எழுந்து நின்றாய். "அது கலைச்செல்வி டீச்சர் அவங்களா பண்ணது. எங்கிட்ட கேக்கல. இனிமே நடக்காது" என்றாய். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் ஒருத்தர், "அதானே பாத்தேன்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மேஜைவிரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாய்.

எல்லாரும் போன பிறகு சொன்னாய். "எனக்கு வேற வழி தெரியல கலை. நாலு பேரு பிள்ளைய நிறுத்திட்டா ஸ்கூல் இன்னாவுறது?"

"அப்போ நான் இன்னாவுறது ரீத்தா?"

நீ ஜன்னலைச் சாத்தப் போனாய்.

திங்கட்கிழமை வகுப்பில் பானை இல்லை. அவரவர் பாட்டில் அவரவருக்கு. தர்ஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு பிள்ளையிடமாகப் போய் நீட்டினாள். வாங்கக் கூடாது என்று அவர்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள். "டீச்சர், நான் ரெண்டு கையாலதானே குடுக்கறேன்?"

மரியாதையில் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்திருக்கிறாள் குழந்தை. நான் வாங்கிக் குடித்தேன். வாசலில் நின்று நீ எல்லாவற்றையும் பார்த்தாய். உள்ளே வருவாய் என்று நினைத்தேன். உன் செருப்புச் சத்தம் வராண்டாவில் தூரமாகப் போனது.

அந்த மாதமே நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். நீ போன் செய்வாய் என்று எவ்வளவு நாள் பார்த்தேன் தெரியுமா? வந்தது வேறொரு டீச்சரின் போன். ரீத்தாவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று. நான் கிளம்புவதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது.

உன் அடக்கப் பூசையன்று மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் வந்து அழுதார். "உன்னப் பத்தியேதாம்மா பேசினு இருப்பா. கலைக்கு நான் பண்ணது தப்புன்னு."

அவரிடம் சொன்னாயா? என்னிடம் சொல்லியிருக்கலாமே. அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் சொல்லியிருக்கலாமே. இடித்தவள் உட்கார்ந்து கட்டிக்கொடுக்க வேண்டும் என்றவள், கட்டையைத் தொடாமலே போய்விட்டாய். இப்போது நான் யாரிடம் சண்டை போடுவேன்?

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறாயா? போன வாரம் இங்கேயும் நடந்தது. என்னோடு வேலை பார்க்கிற சங்கீதா அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிள்ளைகளை வைத்து நடத்தினாள். மறுநாள் ஒரு அப்பா வந்து தாளாளர் அறையில் உட்கார்ந்துவிட்டார். புத்தகம் என்னுடையது என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். சங்கீதா சுவரோரமாக நின்றாள். "யார் டீச்சர் இத பண்ணது?" என்று கேட்டார் அந்த அப்பா.

ரீத்தா, நீ சொன்ன அதே வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்தது. சங்கீதாதான் செய்தாள். அது பொய்கூட இல்லை. எனக்கு வேலை வேண்டும், இந்த வயதில் இன்னொரு பள்ளி தேட முடியாது.

"நாங்கதான் சார் பண்ணோம். திரும்பவும் பண்ணுவோம்" என்றேன்.

அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர் கத்திவிட்டுப் போனார். அவர் பிள்ளை அப்புறம் வரவில்லை. தாளாளர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வேலை நிலைக்குமா என்று தெரியாது. சங்கீதா மட்டும் வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க என்ன உட்டுடுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

அன்று பஸ்ஸில் வரும்போது உன்னை மன்னித்துவிடத் தோன்றும் என்று எதிர்பார்த்தேன். அந்த இடத்தில் நிற்பது எப்படிப்பட்டது, அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டதே. ஆனால் கோபம்தான் கூடியது. சொல்ல முடிகிற வார்த்தையாக இருந்ததேடி அது! இவ்வளவு சின்னதாக இருந்ததே!

கல்லறைத் திருநாளுக்கு வருவேன். புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவேன். மன்னித்துவிட்டேன் என்று உன் தலைமாட்டில் நின்று பொய் சொல்ல மாட்டேன். நிஜமாகவே அது மனதில் வருகிற வருஷம், பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்வேன். அதுவரை ஒவ்வொரு வருஷமும் வருவேன். இது சத்தியம்.

உன்னைவிடச் சில மாதம் மூத்தவள் என்றாலும்,
நீ வாய் நிறையக் கலை என்றே கூப்பிட்ட
உன் தோழி,
கலைச்செல்வி