நெற்பொலியில் உன் கோபம்

அன்புத் தங்கச்சி செல்லம்மைக்கு,

மேலே சூரிய சந்திரர் சாட்சியாக, கீழே சுசீந்திரத்து வயல்கள் சாட்சியாக நான் சொல்லப்போகும் இந்தக் கதையை எவனும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதையும் நம்பாதவள் அல்லவா நீ?

உன் அண்ணன் இந்த ஐம்பத்திரண்டாம் வயதில் படம் வரையப் படிக்கிறேன். சிரிக்காதே.

உன் மகள் பகவதிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அஞ்சுகிராமம். ஆடியில் ஒருநாள் வந்து நின்று, "மாமா, எனக்க அம்மை எப்பிடி இருப்பா?" என்று கேட்டாள். தவழ்கிற வயதில் உன்னைப் பறிகொடுத்த பிள்ளை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாயே! பிடிக்காமலே குறைந்துபோன ஆயுசை யாரிடம் போய்க் கேட்பது?

"நான் வரஞ்சு தாறேன் மக்கா" என்று மீசையை முறுக்கி வாக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் எனக்கு ஒரு கோடுகூட இழுக்க வராது என்பது ஞாபகம் வந்தது.

கோட்டாற்றில் ஒரு டிராயிங் மாஸ்டரைப் பிடித்தேன். முட்டை வரையச் சொன்னார். வரைந்தேன். "ஓய், இது சக்கைப்பழமா?" என்றார். "முட்டைதான், கோழி கொஞ்சம் பெரிசு" என்றேன். அடுத்து ஒரு காக்கை வரைந்தேன். அதைப் பார்த்த நாஞ்சில் நாட்டுக் காக்கைகள் எல்லாம் கூட்டம் போட்டு, நம் வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டன. ஆடி அமாவாசைச் சோறு உனக்கு வந்து சேராததற்கு அதுதான் காரணம்.

எனக்கு நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது ரசத்தைத் தொட்டு இலையில் உன் மூக்கை வரைகிறேன். பிள்ளைக்குச் சிரித்த முகமாகக் கொடுக்க வேண்டும் என்று வரைந்தால், யாரோ ஒருத்தி சிரிக்கிறாள். நீ இல்லை. உன் முகம் எனக்கே மறந்துபோயிற்றா, செல்லம்மை? அம்மையும் அப்பனும் போயாயிற்று. இனி யாரிடம் கேட்பேன்?

புரட்டாசியில் அறுப்பு. அடித்த நெல்லை அன்றே அளக்க முடியவில்லை. கள்ளன் கைவைத்தால் தெரியும்படி களத்தில் குவித்த நெற்பொலியின்மேல் சாம்பலைக் கரைத்துக் குறி போடுவோமே, அதற்காகச் சிரட்டையும் கையுமாக நின்றேன். கை பரபரத்தது. குறிக்குப் பதிலாக உன்னை வரைந்தேன். சிரிப்பு வரவில்லை. உன் பின்னலைக் கட்டில் காலில் முடிந்துவிட்டு நான் ஓடும்போது, புருவம் இரண்டும் முட்ட, மூக்கு விடைக்க ஒரு பார்வை பார்ப்பாயே, அது வந்தது. ஒரே வீச்சில் வந்தது!

காலையில் களத்து வேலைக்கு வந்த பேச்சி நெல் புடைக்கிற சுளவைக் கீழே போட்டாள். "அய்யோ, இசக்கியம்மை பொலியில ஏறியிருக்கா! கோவமா இருக்கா, ஆரும் தொடாதிய!" குலவை எட்டு ஊருக்குக் கேட்டது. பனைமர உயரப் பொலிக்குச் சிவப்புப் பட்டு வந்தது, சேவல் வந்தது, பூசாரி வந்தார். "எனக்க தங்கச்சியாக்கும்" என்று கத்தினேன். "தெய்வத்துகிட்ட உறவு கொண்டாடாதேயும் வே!" என்று பூசாரி என்னை அதட்டினார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பகவதி வந்தாள். பொலியின் முன்னால் நின்று பார்த்தாள்.

"இதுதானா மாமா, அம்மை?"

"ஆமா மக்கா."

"தங்கமான குணம்னுல்லா எல்லாரும் சொன்னாவ. இம்புட்டுக் கோவம் வருமா?"

"எனக்க மேல மட்டுந்தான்."

உன் புருவத்துக்கு நேரே குனிந்து, "என்னைய ஒரு தடவகூட ஏசாமப் போயிட்டாளே" என்றாள்.

மறுநாள் நெல்லை அளந்தோம். உன் முகம் பத்தாயத்துக்குள் போய்விட்டது. "அதே முகத்தைத் தாளில தாரும் மாமா, சிரிக்க வைக்காதேயும்" என்று சொல்லியிருக்கிறாள். தாளில் பென்சிலை வைத்தால் மறுபடியும் சக்கைப்பழம்தான் வருகிறது. தைக்குள் வருமா? வராமல் விடமாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் திடுக்கிடும்படி முறைக்கிற உன்னைக் கல்யாணப் பெட்டியில், சேலைக்கு மேலே வைத்துத்தான் அனுப்புவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

மற்றபடி பொலி என் இடுப்புயரம்தான். குலவையும் பட்டும் சேவலும் பூசாரியும் என் சொந்தச் சரக்கு. பொலியில் உன் முகம் வந்ததும், அதைப் பார்த்து 'ஏசாமப் போயிட்டாளே' என்று பகவதி சொன்னதும் மட்டும் நடந்தது.

உன்னிடம் ஏச்சு வாங்கியே வளர்ந்த
அண்ணன்