ஏறுகிற வண்டிக்குத்தான் வழி

அப்பா,

போர்வைக்குள் டார்ச்சைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மடியில் நம் ஜீப்பின் கட்டை இருக்கிறது. மேட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் பின்சக்கரத்துக்கு அடியில் நான் கொடுப்பேனே, அதே கட்டை. நீங்கள் இறந்த பிறகு மாமா ஜீப்பை விற்றுவிட்டார். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. முகர்ந்தால் இன்னும் டீசலும் ஈரமண்ணும் மணக்கின்றன.

இன்று சாயங்காலம் மாமா ஒரு தரகரைக் கூட்டி வந்தார். பஞ்சு மில்லிலேயே தங்கி வேலை பார்க்கப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர்.

"மூணு வருசம், கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும் ஆத்தா. உள்ளயே டிவி இருக்கு. வருசத்துக்கு ஒருக்கா டூரு வேற கூட்டிட்டுப் போவாக. சுருளி, மேகமலை எல்லாம் பாக்கலாம்" என்றார்.

பயத்தின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னமனூர் ஜீப் டிரைவர் மகளுக்கு மேகமலையைக் காட்டப் போகிறார்களாம்!

"காலையில வேன் வந்துரும். துணிமணிய எடுத்து வையி" என்றார் மாமா. அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். போன வருடம் அந்த வேனில் ஏறிய எதிர்வீட்டு அக்கா பொங்கலுக்கு வந்தபோது இருமிக்கொண்டே இருந்தாள். பிளஸ் ஒன்னில் சேர நாளைதான் கடைசி நாள் என்பது மாமாவுக்கும் தெரியும்.

நம் ஜீப்பை வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்க்க வந்த அந்த மதுரை ஜவுளிக்கடைக்காரரை நினைவிருக்கிறதா? லீவு நாள் என்று என்னையும் முன்சீட்டில் ஒடுக்கிக்கொண்டீர்கள். சுருளி அருவியில் குளித்து முடித்து, "தண்ணி கொஞ்சந்தான் விழுகுது" என்றார். கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்து, உதடு கறுக்கும்வரை தின்றுவிட்டு, "வேற என்னப்பா இருக்கு உங்க ஊருல?" என்றார். நீங்கள் கோபப்படவில்லை.

"மேல ஏறுவோம் சார். அங்கன வந்து இதே கேள்வியக் கேளுங்க."

மேகமலைப் பாதையில் பாதி ஏறியிருப்போம். கொண்டை ஊசி வளைவில் தேயிலை மூட்டை ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏலே, பின்னால எடு! லோடு வண்டி கண்ணுக்குத் தெரியலையா?"

"ஏறுற வண்டிக்குத்தாண்ணே வழி. மலையில ஓட்டுற உங்களுக்கு நானா சொல்லணும்?"

"அப்ப விடிய விடிய இங்கனயே நிப்பியா?"

"நிப்பேன். வண்டியில திராட்சை இருக்கு."

இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "கட்டையப் போடு தாயி."

இறங்கினேன். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பாதை முடிந்துவிட்டது. கீழே, எங்கேயோ, வயலும் தென்னந்தோப்பும் கோலப்பொடி சிந்தியதுபோலக் கிடந்தன. கட்டை கையிலிருந்து நழுவியது. "பயமா இருக்குப்பா!"

"பயந்துக்கிட்டே போடு. கை நடுங்கலாம், கட்டை நகரக் கூடாது."

போட்டேன். பின்சீட்டில் ஜவுளிக்கடைக்காரர் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். நீங்கள் ஒவ்வொரு பழமாகப் பிய்த்துத் தின்றீர்கள். ஒரு குலை காலியான பிறகு லாரி முனகிக்கொண்டே பின்னால் போய் ஒதுங்கியது. கடக்கும்போது மிச்சக் குலையை அந்த டிரைவரிடம் நீட்டினீர்கள். வாங்கிக்கொண்டு, "அப்பனுக்கு மேல கொழுப்பு மகளுக்குத்தான்" என்றார் சிரித்தபடி.

உச்சியில் மேகம் விலகிப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தபோது ஜவுளிக்கடைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை.

நாளைக் காலையில் வேன் வந்து நிற்கும்போது பள்ளிக்கூட யூனிபார்மில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். "நான் வரலை மாமா. பள்ளிக்கூடம் போறேன்." இந்த ஒரு வரியைத்தான் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். மாமா கத்துவார். கை ஓங்கினாலும் ஓங்குவார். அடிக்கட்டும். நான் பின்னால் எடுக்க மாட்டேன் அப்பா. ஏறுகிற வண்டி நான்.

இப்போதே கை நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுங்கிவிட்டுப் போகட்டும். கட்டையைப் புத்தகப் பையில் வைத்துவிட்டேன்.