தகட்டின் தொடக்க வெப்பநிலை

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
19-1-1986

அன்புள்ள மச்சான் குலசேகரம்,

நான் நலம். நீயும் சிவமலரும் சுகமென நம்புகிறேன். உன் விண்ணப்பம் எங்கள் ஆய்வுகூடத் தலைவர் பீற்றரின் மேசைக்குப் போய்விட்டது. வேலை கிடைத்தால் கோடைக்கு முன்பே கணவனும் மனைவியுமாக இருவரும் இங்கே வந்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். பேராதனையில் நாம் சேர்ந்து எழுதிய கொம்பியூட்டர் புறோகிராமைத்தான் இங்கும் ஓட்டுகிறேன். ஆர்க் வெல்டிங்கின் சூடு தகட்டில் எப்படிப் பரவி ஆறும் என்ற அதே கணக்கு. ஒரு இரும்புத் தொட்டிக்கு, தகட்டை முன்கூட்டிச் சூடாக்கத் தேவையில்லை என்றது. நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். போன கிழமை வெல்டிங் ஓரமாகக் கீறல் போல் வெடிப்பு. நல்லவேளை, சோதனையிலேயே கண்டுகொண்டார்கள். தகடுகள் உறைபனியில் முற்றத்தில் கிடந்தவை. நம் புறோகிராமோ தகடு முப்பது பாகையில் இருப்பதாகத் தானே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த தகட்டில் ஒட்டு சட்டென்று ஆறி, கண்ணாடி போல் எளிதில் உடைவதாகிவிடும்.

அந்த முப்பதைப் போட்டது யார் என்று பீற்றர் கேட்கிறார். எனக்கு ஞாபகமில்லை. நீயா, நானா?

அன்புடன்,
தில்லையம்பலம்


பேராதனை
8-2-1986

அன்புள்ள தில்லை,

நீதான். ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கும்படி வைப்போம் என்றேன். "உனக்கென்ன விசரோ? இந்த நாட்டில எந்த இரும்பு குளிருது?" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஆகவே, இரண்டு பேருடைய பிழை என்றே எழுது. பாதிப் பிழைக்காரனை மன்னிப்பார்கள். முழுப் பிழைக்காரனுக்கு யார் வேலை கொடுப்பான்?

இங்கே நிலைமை உனக்குத் தெரியும். சோதனைச்சாவடியில் தமிழ்ப் பெயரைச் சொல்லப் பயந்து சிவமலர் வெளியே போவதையே குறைத்துவிட்டாள். ஆனாலும் லண்டன் குளிருக்கென்று கம்பளிச்சட்டை பின்னத் தொடங்கிவிட்டாள். உனக்கும் ஒன்றாம். கை நீளம் எழுதி அனுப்படா.

உன்
குலம்


ஃபாரஸ்ட் கேட்
2-3-1986

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அதற்குள் பீற்றர் அவசரப்படுத்திவிட்டார். "தொடக்க வெப்பநிலை பேராதனையிலேயே நிர்ணயிக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். உன் பெயரை எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வாசித்துவிட்டு, "அப்படியென்றால் அங்கே இருக்கும் உங்கள் நண்பர்தானா?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன்.

நீ விண்ணப்பித்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். இனி உள்ளதைச் சொன்னால் என் வேலையும் போகும், உனக்கும் கிடைக்காது. நீ என்ன நினைக்கிறாய்? உடனே எழுது.

கை நீளம் இருபத்துமூன்று அங்குலம்.

அன்புடன்,
தில்லை


பேராதனை
21-3-1986

திரு. தில்லையம்பலம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம்.

புறோகிராமில் முப்பதைப் போட்ட அந்த வரியைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். இனிப் புறோகிராம் எதையும் தானாக எடுத்துக்கொள்ளாது. தகட்டின் வெப்பநிலையை முதலில் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் ஓடாது. உங்கள் பெயரிலேயே கொடுக்கலாம். தாமதிக்க வேண்டாம், அடுத்த தொட்டியின் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

உங்கள் அளவு வரமுன்பே சிவமலர் சட்டையைப் பின்னி முடித்துவிட்டாள். கை சற்று நீளம். பிரித்துவிடச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். தனிப் பொதியாக அனுப்புகிறோம்.

அங்கே உறைபனி என்று எழுதியிருந்தீர்கள்.

இங்ஙனம்,
சி. குலசேகரம்