கலுங்கில் நின்ற டிராக்டர்

தும்பையேந்தல்,
வழி காளையார்கோவில்.
20-8-1972

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் செம்மலை அவர்களுக்கு,

தம்பி ஐயனார் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் நோய்நொடி இல்லை. ஆத்தாவுக்கு மட்டும் முழங்கால் வலி. உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொன்னது, அதனால்தான் முதலில் எழுதுகிறேன். அண்ணியும் பாப்பாவும் சுகம். பாப்பா இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். அங்கே இப்போதே குளிர் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே வேர்வையில் காகிதம் கையோடு ஒட்டுகிறது.

டிராக்டர் விஷயம். பதினான்கு மாதம் காத்திருந்த பிறகு மதுரையிலிருந்து தபால் வந்தது. பதினைந்து நாளுக்குள் எந்த வண்டி என்று எழுதிக் கொடுக்காவிட்டால் உங்கள் முறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தார்கள். 'சின்ன வண்டியே போதும், ஊரில் வம்பு வேண்டாம்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நான் மதுரைக்குப் போனது பெரிய வண்டியை வாங்கத்தான். முப்பத்தைந்து எச்.பி., மார் உயரச் சக்கரம். நம் ஏழு ஏக்கருக்கு அது தேவையா என்று நான் யோசிக்கவில்லை. மேலத்தெருவில் அது போகும்போது சாவடித் தூண் அதிர வேண்டும் என்றுதான் யோசித்தேன். அந்தத் தெருவில் நம் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும், செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். டிராக்டரை எப்படி இறங்கித் தள்ளச் சொல்வார்கள், பார்த்துவிடலாம் என்றிருந்தது.

நானும் அய்யாவும் மீனாட்சிசுந்தரம் ஆசாரியும் போனோம். ஆசாரி இப்போது கலப்பை செதுக்குவதைவிட பம்புசெட் கழற்றி மாட்டுவதுதான் அதிகம். கடையில் இருந்தவன் ஆசாரியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து அவர்தான் நிலக்காரர் என்று நாற்காலி போட்டான். அய்யாவின் செருப்பில்லாத காலைப் பார்த்து வெளியே நிற்கச் சொன்னான். ஆசாரி உட்காரவில்லை. 'பணம் அவுக மகன் பட்டாளத்துல இருந்து அனுப்புனது. எனக்கு ஸ்பேனர் மட்டுந்தான் சொந்தம்' என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டாவது நாற்காலி வந்தது. மூன்றாவது வரவில்லை, நான் நின்றுகொண்டேன்.

அவன் பெரிய வண்டியைத் தலையில் கட்டத்தான் பார்த்தான். சின்னதைக் காட்டச் சொன்னால், 'அது வெண்டைக்காய் போடுறவங்களுக்கு. ஆம்பளை வாங்குற வண்டி இதுதான்' என்றான். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அய்யா மட்டும் எழுந்து போய், ரெண்டையும் ஒரு தரம் திருப்பிக் காட்டச் சொன்னார். பெரியது திரும்ப அந்த முற்றம் போதவில்லை. வேலி வரை போய்ப் பின்னால் வந்து மறுபடி போனது. சின்னது ஒரு களத்தில் மாடு திரும்புவதுபோலத் திரும்பியது. அய்யா என்னைப் பார்த்து, 'நம்ம செய்யில நீளமானது அறுவது தப்படி. பெருசு உழுகுறதுக்குள்ள வரப்பு வந்துரும். மூலைக்கு மூலை நீ மம்பட்டி எடுத்து வெட்டுவியா' என்று கேட்டார். ஏழு ஏக்கர் என்று வாயால் சொல்கிறோமே தவிர அது ஒன்பது துண்டு. பெரிய வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்துக்காரன் வரப்பை உடைக்கும், ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு பஞ்சாயத்து. மழைக்குப் பிறகு அந்தக் கனத்துக்கு நம் கண்மாய்ப் பக்கத்துச் செய்யில் அச்சு வரை புதையும். ஆசாரி வேறு, பெரியதற்கு ஒரு சாமான் உடைந்தால் பம்பாய்க்கு எழுதிப் போட்டு வரும்வரை வண்டிக்கு மாலை போட்டுப் பார்க்க வேண்டியதுதான், சின்னதன் பேரிங்கும் பெல்ட்டும் காரைக்குடியிலேயே கிடைக்கும் என்று சொன்னார். நான் கோபத்துக்கு வண்டி தேடினேன், அய்யா நிலத்துக்குத் தேடினார்.

கடைசியாக அய்யா கேட்டது சக்கரத் தடம். கடைக்காரன் நோட்டீஸைப் பார்த்து, சின்னதற்கு நாலடி என்றான். அய்யா முகம் மலர்ந்துவிட்டது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழியும் நம் கலுங்கில் இரண்டு பக்கமும் முழங்கால் உயரக் கல் நட்டிருக்கிறதே, அந்த இடைவெளி நாலே முக்கால் அடி. நம் மாட்டுவண்டிகள் மேலத்தெருவுக்குப் போகாமல் வயலுக்குப் போவது அதன் வழியாகத்தானே. 'முக்கால் அடி மிச்சம். யாரு வாசலையும் மிதிக்க வேண்டாம்' என்றார். பெரியதற்குத் தடமே ஐந்தடி.

சின்ன வண்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். உங்கள் இஷ்டப்படிதான் நடந்திருக்கிறது. சந்தோஷப்படுங்கள். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

வணக்கத்துடன்,
ஐயனார்

*

தும்பையேந்தல்
26-9-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

வண்டி வந்து ஐந்து நாள் ஆகிறது. கலுங்குக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. போகவில்லை. ஒரே ஒரு அங்குலம் இடிக்கிறது. நல்ல மழை பெய்திருக்கிறது. மற்றவர்கள் விதைத்தாகிவிட்டது, நம் செய்யில் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. உழுவதற்கு மாடும் இப்போது நம்மிடம் இல்லை, வண்டிக்காக விற்றாகிவிட்டது. அய்யா சரியாகச் சாப்பிடுவதில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கார்டு என்பதால் மற்றதை எழுதவில்லை. போஸ்ட்மேன் படித்துவிட்டுத்தான் பையில் போடுவார், அவர் வீடு எந்தத் தெரு என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஒரு முடிவு எடுக்கப்போகிறேன். என் மேல் கோபப்படாதீர்கள்.

ஐயனார்

*

தும்பையேந்தல்,
வழி காளையார்கோவில்.
4-10-1972

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் அவர்களுக்கு,

கார்டைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள்: ஏழு ஏக்கரும் உழுதாகிவிட்டது, விதை போட்டாகிவிட்டது, யாருக்கும் அடி இல்லை, நம் கூரைகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. இனி நடந்ததை எழுதுகிறேன்.

தப்பு அய்யாவுடையது மட்டும் இல்லை, வண்டிப் பைதாவைப் பார்த்தே வளர்ந்த நம் எல்லோருடையதும். மாட்டுவண்டிப் பைதா மூன்று விரல் அகலம். அதற்குத் தடத்தை அளந்தால் போதும், சக்கரத்தின் நடுக் குடமும் கடையாணியும் முழங்கால் உயரக் கல்லுக்கு மேலாகவே போய்விடும். டிராக்டர் டயரின் அகலம் பத்து அங்குலம். நோட்டீஸில் போட்டிருந்த நாலடி, டயரின் நடுவிலிருந்து நடுவுக்கு. இந்தப் பக்கம் அரை டயர், அந்தப் பக்கம் அரை டயர் சேர்த்தால் நாலடி பத்து அங்குலம். காரைக்குடி பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிய எனக்கும் தோன்றவில்லை. ஆசாரிக்கும் தோன்றவில்லை. சக்கரத்தைத் திருப்பி மாட்டி உள்ளே தள்ளலாமா என்று பார்த்தோம், ஏற்கெனவே உள்ளே தள்ளித்தான் மாட்டியிருக்கிறது. கல்லை ஒரு அங்குலம் கொத்தினால் முடிந்தது. ஆனால் கண்மாயைக் கெடுத்தோம் என்று மேலத்தெருப் பெரிய வீட்டில் கேஸ் போடுவதற்கு அந்த ஒரு அங்குலமே போதும்.

ஐந்து நாளும் மேலத்தெருவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 'வண்டியப் பட்டினி போடாதீக, புல்லு புடுங்கிப் போடுங்க' என்று ஒருவன். 'பட்டாளத்துல இருந்து பீரங்கி கொண்டாந்து கல்ல ஒடைக்கச் சொல்லு' என்று ஒருவன். அய்யா எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. அய்யாவும் கூடவே சிரித்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறாம் நாள் புதன்கிழமை காலையில் ஈரத்தைத் தோண்டிப் பார்த்தேன். ஒரு சாண் வரை காய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் இந்த வருஷம் விதைப்பில்லை, உங்கள் பன்னிரண்டு வருஷத்துச் சம்பளம் கலுங்குப் புளியமரத்தடியில் துருப்பிடிக்கும். மேலத்தெரு வழியாகப் போகிறேன் என்று சொன்னேன். ஆத்தா வாசலில் படுத்துவிட்டது. அம்மான் மகன் இருளாண்டியை நினைத்துப் பார் என்று அழுதது. அதே தெருவில் இறங்காமல் போனதற்காக, சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வரச் செய்தார்களே, அதைத்தான். அண்ணி மட்டும், 'தம்பி, டீசல் ஊத்தியாச்சா' என்று கேட்டார்கள்.

வண்டியை எடுக்கும்போது அய்யா வந்து குறுக்கே நின்றார். நகரச் சொன்னேன். நகராமல், மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். 'அடிச்சா ரெண்டு பேரையும் அடிக்கட்டும். அளந்தவன் நான்' என்றார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கிளட்சை விட்டேன்.

சாவடியில் நாலு பேர் இருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் நடுவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து ஏதோ சொன்னார்கள், கையை நீட்டினார்கள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. சின்ன வண்டியானாலும் சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை, அண்ணே. திருப்பத்தில் பெரிய வீட்டு நீலாயதாட்சி அம்மாள் நடுத்தெருவுக்கு வந்து கையைக் காட்டி மறித்தார். முடிந்தது என்று நினைத்தேன். அய்யா குதித்து இறங்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சினை நிறுத்தினேன். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் அய்யாவைப் பார்த்துக் கேட்டது இதுதான்: 'மணிக்கு எம்புட்டு கேப்பீக?'

அவர்களுடைய பதினோரு ஏக்கரும் தரிசாகக் கிடக்கிறதாம். பண்ணையாட்கள் எல்லாம் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் காரைக்குடிப் பக்கம் போய்விட்டார்கள். மகன்கள் மெட்ராஸில் ஆபீசில் இருக்கிறார்கள். 'ஈரம் போகுது. இன்னைக்கு ஒங்களுத முடிச்சுட்டு நாளைக்கு வந்துருங்க. இப்புடியே வாங்க, வேற வழி ஏது' என்றார். சாவடிக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

ஊர் திருந்திவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். யார் மனமும் மாறவில்லை, அவர்கள் நிலம் காய்ந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரியே எனக்கு மறுபடி கோபம் வந்து, அவர்கள் செய்யில் உழ மாட்டேன் என்று சொன்னேன். அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டே, 'போடா. ஒரு நா போனா திமிரும்பான், பத்து நா போனா வண்டி வருது ஒதுங்குன்னுவான்' என்றார். ஒரு வாரமாகப் போகிறேன். இரண்டாம் நாள் சாவடி முன்னால் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். நீலாயதாட்சி அம்மாளே ஆள் விட்டு எடுக்கச் சொன்னார். அவருக்கு அவர் அவசரம். இருக்கட்டும். மணிக்கூலியை முன்னாலேயே வாங்கிவிடுகிறேன்.

சின்ன வண்டி நல்ல வண்டி. உங்களிடம் இதை ஒப்புக்கொள்ள ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. மூலை வரை போகிறது, வரப்பைத் தொடாமல் திரும்புகிறது, டீசலும் குறைவுதான். நம் தெருவிலேயே ஆறு பேர் உழவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அய்யா இப்போது இரண்டு வேளையும் சாப்பிட்டுவிட்டு, யார் செய் முதலில் என்று அதிகாரம் செய்கிறார். நேற்று பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மேலத்தெருவில் மட்கார்டில் உட்கார்ந்து வந்தார். ஆத்தாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது, அதற்கும் டிராக்டருக்கும் சம்பந்தமில்லை என்று ஆத்தா சொல்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இருளாண்டி காரைக்குடியிலிருந்து சைக்கிளில் வந்தான். என் வண்டிக்குப் பின்னாலேயே மிதித்து வந்தவன், சாவடி வந்ததும் இறங்கிவிட்டான். சாவடியில் ஆளே இல்லை. ஏன்டா என்று கேட்டேன். 'தெரியல, காலு தானா எறங்கிருச்சு' என்றான். பிறகு பத்தடி பின்னால் போய், மறுபடி ஏறி மிதித்து வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். வேர்வை என்று சொன்னான்.

பொங்கலுக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த பஸ் என்று முன்னாலேயே எழுதுங்கள். பஸ் நிற்கும் விலக்கில் வண்டியோடு நிற்பேன். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நடக்க வேண்டாம், மேலத்தெரு வழியாகவே சுற்றி வருவோம். யூனிபாரத்தோடு வாருங்கள். தெரு முனை வந்ததும் பழக்கத்தில் உங்கள் கையும் தானாகப் பூட்ஸ் கயிற்றுக்குப் போகும், எனக்குத் தெரியும். அண்ணே, அவிழ்க்க வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
ஐயனார்